உண்மை நகல் எனச் சான்றளிக்கப்படுகிறது

பிற நாட்டாரின் படங்களைக் காசு கொடுக்காமல் பார்ப்பது குற்றம் என்பதை அரசு நெடுங்காலம் அறியாமலே இருந்தது. மேல்நாடுகள் ஒன்றுகூடிப் பட்டியல் ஒன்றை வெளியிட்டு, ‘கூர்ந்து கவனிக்கப்பட வேண்டிய நாடுகள்’ என்னும் தலைப்பின்கீழ் நம் நாட்டை முதலிடத்தில் அச்சிட்ட பிறகே அது தெரியவந்தது. முதலிடம் என்றதும் அமைச்சர் வாழ்த்துச் செய்தி விடுத்தார். எதில் முதலிடம் என்பது மறுநாள் அவருக்கு விளக்கப்பட்டது. வாழ்த்து, அதே சொற்களோடு, கண்டனமாக வாசிக்கப்பட்டது.

அதன் விளைவாகத் தோன்றியதே கள்ளப் பிரதி ஒழிப்பு இயக்ககம். பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடி அதற்கு ஒதுக்கப்பட்டது. நாற்காலிகள் வந்தன; மின்விசிறிகள் வந்தன; ஓர் இயக்குநரும் வந்தார். அவர் அதற்கு முன் எடையளவைத் துறையில் இருந்தவர். தராசுத் தட்டைப் பார்த்தவருக்குக் குறுந்தட்டும் பழகிவிடும் என்பது நியமித்தவர்களின் கருத்து.

வாயிலில் ‘இயக்குநர்’ என்று பலகை மாட்டியவுடன், நடிக்க வாய்ப்புக் கேட்டு இளைஞர்கள் புகைப்படங்களோடு படியேறத் தொடங்கினர். இயக்குநர் முதலில் அவர்களை விரட்டினார். பிறகு புகைப்படங்களை வாங்கிப் பார்த்தார். அதன்பின் கறுப்புக் கண்ணாடி அணிந்து அலுவலகத்துக்கு வரலானார்.

இயக்ககத்துக்கு வேண்டிய முத்திரையும் தலைமையகத்திலிருந்து வந்தது. எல்லா அலுவலகங்களுக்கும் அனுப்பப்படும் அதே முத்திரைதான்: ‘உண்மை நகல் எனச் சான்றளிக்கப்படுகிறது.’ கைப்பற்றும் பொருளின் இயல்புக்கேற்பக் ‘கள்ள நகல்’ என்று ஒரு முத்திரை வேண்டும் என இயக்குநர் எழுதிக் கேட்டார். கள்ளத்தனமான எதற்கும் அரசு முத்திரை வழங்குவதில்லை என்று பதில் வந்தது. முத்திரையில்லாத பொருளைப் பாதுகாப்பறையிலிருந்து வெளியே எடுக்க விதி இல்லை. ஆகவே, கைப்பற்றப்பட்ட கள்ளப் பிரதிகள் அனைத்தும் உண்மை நகல்களாகி உள்ளே சென்றன.

இயக்ககத்தின் நடைமுறை முழுவதும் செயப்பாட்டு வினையில் அமைந்திருந்தது. கடைகள் சோதிக்கப்பட்டன, தட்டுகள் கைப்பற்றப்பட்டன, ஆட்கள் விசாரிக்கப்பட்டனர். இவற்றைச் செய்தவர் யார் என்னும் கேள்விக்கு அவ்வினையில் இடமில்லை, அலுவலகத்திலும் இடமில்லை.

கைப்பற்றிய படத்தை ஐவர் குழு முழுமையாகப் பார்த்து, அது படந்தான் என்று உறுதிசெய்ய வேண்டும். குழுவினர் மதிய உணவுக்குப் பின் விளக்கணைத்துப் பார்த்தனர். ‘பார்த்ததற்கு ஆதாரம் என்ன?’ என்று கணக்குத் தணிக்கையாளர்கள் கேட்டார்கள். உடனே அறையின் பின்சுவரில் கேமரா ஒன்று பொருத்தப்பட்டது. அன்றிலிருந்து ஐவரின் பின்தலைகளும், அவற்றுக்கு அப்பால் முழுப்படமும் பதிவாயின. அந்தப் பதிவு பல படிகள் எடுக்கப்பட்டு, உண்மை நகல் என முத்திரையிடப்பட்டு, தொடர்புடைய அலுவலகங்கள் அனைத்துக்கும் அனுப்பப்பட்டது. தொடர்பில்லாத அலுவலகங்களும் கேட்டு வாங்கிக்கொண்டன.

இந்நிலையில் ஒருநாள், திருமணங்களைப் படமெடுக்கும் வீடியோக்காரர் ஒருவரின் கடை சோதிக்கப்பட்டது. அவர் குற்றமற்றவர் என்று சொல்வதற்கில்லை. திருமணம் இல்லாத மாதங்களில் புதுப்படங்களைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்துவந்தார். அவர் படங்களைச் சேமித்து வைத்திருந்த, செங்கல் அளவுள்ள கறுப்புப் பெட்டி ஒன்று கைப்பற்றப்பட்டது. அதற்குள் இன்னும் வெட்டி ஒட்டப்படாத திருமணப் படம் ஒன்றும் இருந்தது.

மணப்பெண்ணின் தாயும் வீடியோக்காரரும் மூன்றாம் மாடிக்கு வந்து, தலைமை எழுத்தரின் மேசைமுன் நின்றனர். தலைமை எழுத்தர் முத்திரையை மையொற்றியில் அழுத்திக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன விஷயம்?”

“எங்க வீட்டுக் கல்யாணப் படம்மா. இந்தத் தம்பியோட பெட்டியில இருக்கு. அத நீங்க எடுத்துட்டு வந்துட்டீங்களாம்.”

“நாங்க எடுத்துட்டு வரல. கைப்பற்றப்பட்டிருக்கு.”

“சரி, கைப்பற்றப்பட்டவங்க யாரோ அவங்ககிட்ட சொல்லித் திருப்பிக் குடுங்க.”

“கைப்பற்றப்பட்டது பெட்டிம்மா. ஆளு இல்ல.”

“ஆளே இல்லாம பெட்டி எப்படிம்மா இங்க வரும்? நடந்தா வந்துச்சு?”

தலைமை எழுத்தர் முத்திரையைக் கீழே வைத்து, “அவ்வளவு அவசரமா?” என்றார்.

“என் வீட்டுக்காரர் போயிட்டாரும்மா. பொண்ணு கல்யாணம் முடிஞ்ச மறு மாசமே. அந்த மனுஷன் பல்லு தெரியச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. எந்தப் போட்டோவ எடுத்தாலும் அடையாள அட்டைக்கு உக்காந்த மாதிரியே இருப்பாரு. அன்னிக்கு ஒரே ஒரு தடவ சிரிச்சாராம். பொண்ணு காதுல ஏதோ சொல்லியிருக்கா, இவரு குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சிருக்காரு.”

“சிரிச்சாராம்னா? நீங்க எங்க இருந்தீங்க?”

“மாப்பிள்ளையோட அத்தைக்குக் கை வச்ச நாற்காலிதான் வேணும்னாங்க. அதத் தேடிப் போயிட்டேன். திரும்பி வர்றதுக்குள்ள சிரிச்சு முடிச்சுட்டாரு.”

“நான் எடுத்திருக்கேன் மேடம்,” என்றார் வீடியோக்காரர். “கிட்டத்துல. தெளிவா.”

“கல்யாணத்துக்கு வந்தவங்க யாரும் போன்ல எடுக்கலியா?”

“எடுக்காம?” என்றார் அம்மா. “எல்லார் கையும் தூக்கினபடிதான் இருந்துச்சு. போனத் திருப்பிப் பிடிச்சு அவங்கவங்க மூஞ்சிய எடுத்துக்கிட்டாங்க. ஒரு படத்துல மட்டும் இவரோட தோள் தெரியுது.”

தலைமை எழுத்தர் இருவரையும் இயக்குநரிடம் அழைத்துச் சென்றார். இயக்குநர் கறுப்புக் கண்ணாடி வழியே இருவரையும் அளந்தார். வாய்ப்புக் கேட்க வந்தவர்கள் அல்லர் என்று தெரிந்ததும் சற்று ஏமாற்றமடைந்தார்.

“இந்தப் படம் கள்ளப் பிரதி இல்லைன்னு நிரூபிக்கணும்.”

“கல்யாணப் படத்த யாரு சார் திருடுவாங்க?” என்றார் வீடியோக்காரர்.

“அத நீங்க சொல்லக் கூடாது. அதே பெட்டியில ஊர்ப்பட்ட வெளிநாட்டுப் படம் இருந்துச்சே, அதெல்லாம் யார் வீட்டுக் கல்யாணம்?”

வீடியோக்காரர் தம் செருப்பைப் பார்த்துக்கொண்டார். “அத விடுங்க சார். அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. இது நானே எடுத்தது. அசல்.”

“அசல்னு சான்று இருக்கா?”

“அசலுக்கு எதுக்கு சார் சான்று? அதுதான் அசலாச்சே.”

இயக்குநர் தலைமை எழுத்தரைப் பார்த்தார். தலைமை எழுத்தர், “அசலுக்கு நம்மகிட்ட முத்திரை இல்ல சார். நகலுக்கு மட்டுந்தான்,” என்றார்.

இதிலிருந்து பிறந்த முடிவு ஐயத்துக்கு இடமற்றது. முத்திரையில்லாத பொருள் பாதுகாப்பறையை விட்டு வெளியேற முடியாது. அசலுக்கு முத்திரை இல்லை. ஆகவே, அசலாக இருக்கும்வரை அப்பெட்டி அங்கேயே இருந்தாக வேண்டும்.

“அப்ப நகலாவது எடுத்துக் குடுங்க சார்,” என்றார் அம்மா. “அவர் சிரிச்சாப் போதும், எதுல சிரிச்சா என்ன?”

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். “இது எந்த ஆபீஸ்னு பார்த்துப் பேசுங்கம்மா. நகலெடுக்கறத ஒழிக்கத்தான் நாங்க உக்காந்திருக்கோம். உரிமையாளர் அனுமதி இல்லாம ஒரு நகல்கூட இங்கேருந்து போகாது.”

“உரிமையாளர்னா யாரு?”

“படத்துல இருக்கறவரு.”

“அவருதான் போயிட்டாரே சார்.”

“அப்ப அவர்கிட்ட எழுத்துமூலமா வாங்கறதுல கொஞ்சம் சிரமம் இருக்கும்,” என்றார் இயக்குநர் மெய்யான இரக்கத்தோடு. பிறகு வீடியோக்காரர் பக்கம் திரும்பினார். “அவரு சிரிக்கறப்ப பின்னணியில என்ன பாட்டு?”

“ஸ்பீக்கர்ல ஏதோ சினிமாப் பாட்டு ஓடிச்சு சார்.”

“அதோட மெட்டு மேல்நாட்டுலேருந்து சுட்டதா?”

“எல்லாமே அங்கேருந்துதானே சார் சுடறாங்க.”

“அப்ப இது சர்வதேசப் பிரச்சினை.” இயக்குநரின் முகம் மலர்ந்தது. “கமிட்டி பார்த்தாகணும்.”

ஐவர் குழு கூடியது. தாமும் உடனிருந்து பார்க்கலாமா என்று அம்மா கேட்டார். குழு உறுப்பினர் அல்லாதோர் பார்ப்பது கள்ளப் பார்வை என்று அவருக்கு விளக்கப்பட்டது. அவர் மூடிய கதவுக்கு வெளியே, தாழ்வாரத்துப் பலகையில் உட்கார்ந்திருந்தார். உள்ளே பாட்டு கேட்டது. கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. திடீரென்று ஒரு பெருஞ்சிரிப்பு எழுந்தது.

“தம்பி, இதுதானா?” என்று வீடியோக்காரரின் கையைப் பிடித்தார்.

“கமிட்டியும் சேந்து சிரிக்குதுக்கா. எது அவரு, எது இவங்கன்னு தெரியல.”

அம்மாவுக்கும் தெரியவில்லை. கேட்டிராத சிரிப்பை எந்த அடையாளம்கொண்டு பிரித்தறிவது?

கதவு திறந்தது. குழுவினர் கண்களைத் துடைத்தபடி வெளிவந்தனர். படம் நன்றாக இருக்கிறது என்றும், இரண்டாம் பாதியில் ஆட்கள் சாப்பிடும் காட்சி நீளம் என்றும் கருத்துரைத்தனர். இயக்குநர் கடைசியாக வந்தார். படத்தின் நடுவே அமைச்சரிடமிருந்து தொலைபேசி வந்துவிட்டதாகவும், மேல்நாட்டுக் குழு ஒன்று இயக்ககத்தின் சாதனையை நேரில் காண வருவதாகவும் தெரிவித்தார். அம்மாவின் வேண்டுகோள், அக்குழு சென்றபின் பரிசீலிக்கப்படும் என்றார்.

மேல்நாட்டுக் குழு காண விரும்பியது ஒரு குவியல். கைப்பற்றிய தட்டுகளைத் திடலில் மலையாகக் கொட்டி, ரோடு ரோலர் ஏற்றி நொறுக்க வேண்டும். ஏனைய நாடுகள் அவ்வாறே நொறுக்கி, படமெடுத்து அனுப்பியிருந்தன. குவியலின் உயரத்தைக் கொண்டே ஒரு நாட்டின் நேர்மை அக்காலத்தில் அளக்கப்பட்டது.

பாதுகாப்பறையைத் திறந்து பார்த்தபோது முழங்கால் உயரத்துக்குக்கூடத் தட்டு இல்லை. ‘இல்லச் சரிபார்ப்பு’ என்ற பெயரில் அலுவலர்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்றவை திரும்பவில்லை. புதிதாகக் கைப்பற்றலாம் என்றால், மக்கள் தட்டு வாங்குவதை விட்டுப் பென்டிரைவுக்கு மாறி வெகுநாளாகியிருந்தது. வேறு வழியின்றிக் கள்ளப் பிரதிகள் வழங்க ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. வழங்கப்படும் ஒவ்வொரு தட்டும் அசல் கள்ளப் பிரதியாக இருத்தல் வேண்டும். அரசை ஏமாற்ற முயல்வோர்மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும்.

ஒப்பந்தம், இயக்ககத்துக்குப் பின்தெருவில் கடை வைத்திருந்தவருக்குக் கிடைத்தது. எந்தப் படம் என்றைக்கு வெளியாகும் என்பதைத் தயாரித்தவர்களுக்கு முன்பே அறிந்து சொல்வதால், ஊரார் அவரை ‘ரிலீஸ்’ என்று அழைத்துவந்தனர்.

“எல்லாம் அசல் கள்ளப் பிரதிதானே?” என்று கேட்டார் தலைமை எழுத்தர். “வெறுந்தட்டு ஏதும் கலந்திருக்கக் கூடாது.”

“மேடம், எங்க கடையப் பத்தி அப்படிச் சொல்லாதீங்க. நாணயமாப் பண்ற தொழில். எந்தத் தட்ட வேணா எடுத்துப் போட்டுப் பாருங்க, படம் ஓடலேன்னா என் பேர மாத்திக்கறேன்.”

தலைமை எழுத்தர் ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்தார். படம் ஓடியது. அதன் அடிப்பகுதியில் ஐந்து பின்தலைகள் வரிசையாகத் தெரிந்தன.

“இந்தப் படமெல்லாம் உங்களுக்கு எங்கேருந்து வருது?”

“இங்கேருந்துதான் மேடம்.”

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. தட்டுகளை எண்ணி, உண்மை நகல் என முத்திரையிடச் சொன்னார்.

திடலில் குவியல் எழுந்தது. வெயிலில் தட்டுகள் கண்ணைப் பறித்தன. இயக்குநர் தூர நின்று, இரு கைவிரல்களாலும் சட்டம் கட்டிப் பார்த்தார். எல்லாம் ஒரேயடியாக மின்னுவது அவருடைய கலையுணர்வுக்கு ஒவ்வவில்லை. “உச்சியில ஏதாவது கனமா, கறுப்பா வேணும். அப்பதான் ஷாட் நிக்கும்,” என்றார். பாதுகாப்பறையில் கனமாகவும் கறுப்பாகவும் இருந்த பொருள் ஒன்றே ஒன்றுதான். நொறுக்கப்படும் பொருளுக்கு முத்திரை வேண்டும் என்று விதியில் எங்கும் சொல்லப்படவில்லை என்பதைத் தலைமை எழுத்தர் தக்க நேரத்தில் கண்டுபிடித்தார்.

செய்தி கேட்டு அம்மா திடலுக்கு ஓடிவந்தார். அமைச்சர் அப்போது பேசிக்கொண்டிருந்தார். பிறர் உழைப்பைத் திருடுவது இழிவு என்பதை விளக்கிய அவ்வுரை மிகச் சிறப்பாக இருந்தது. அது மேல்நாட்டு அமைச்சர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் ஆற்றிய உரை. ‘நம் தாய்நாடாகிய’ என்பதையடுத்து அந்நாட்டின் பெயரே ஓரிடத்தில் திருத்தப்படாமல் வந்தது. கூட்டம் கைதட்டியது.

அம்மா காவலர்களை விலக்கிக்கொண்டு நேரே மேல்நாட்டுக் குழுவின் தலைவரிடம் சென்றார்.

“ஐயா, அந்தக் கறுப்புப் பெட்டிய மட்டும் எடுத்துருங்க. அதுல என் வீட்டுக்காரர் இருக்காரு.”

தலைவர் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் இயக்குநரைப் பார்த்தார். பிறகு, இந்நாட்டுத் தாய்மார்கள் சார்பில் இவர் தங்களுக்கு நன்றி தெரிவிக்கிறார் என்று மொழிபெயர்த்தார்.

“கும்பிட்டுக் கேக்கறேங்க. வேற பிரதி கிடையாது.”

இனி ஒரு பிரதிகூட இருக்கக் கூடாது என்கிறார் என்று மொழிபெயர்த்தார்.

தலைவரின் கண்கள் கலங்கின. எத்தனையோ நாடுகளில் அவர் குவியல்களை நொறுக்கியிருக்கிறார். பொதுமக்களிடம் இத்தகைய வேகத்தைக் கண்டதில்லை. தம் கையில் கொடுக்கப்பட்டிருந்த பச்சைக்கொடியை அவர் அம்மாவின் கையில் வைத்து, அவரை முன்னால் நிறுத்தினார். ரோடு ரோலர் உறுமியது. அம்மா, “நிறுத்துங்க, நிறுத்துங்க,” என்று இரு கைகளையும் வீசினார். கொடி அசைந்தது. ரோலரின் இரைச்சலில் ஓட்டுநருக்குக் குரல் கேட்கவில்லை. அசைந்த கொடியை மதித்து அவர் வண்டியைக் குவியலின்மேல் ஏற்றினார்.

திடலைச் சுற்றி நின்றவர்கள் அக்காட்சியைப் போனில் எடுத்தனர். பலர், குவியல் பின்னணியில் தெரியும்படி, போனைத் திருப்பிப் பிடித்திருந்தனர்.

அவ்வாண்டுப் பட்டியலில் நம் நாடு ‘கூர்ந்து கவனிக்கப்பட வேண்டிய நாடுகள்’ என்பதிலிருந்து ‘கவனிக்கப்பட வேண்டிய நாடுகள்’ என்பதற்கு உயர்த்தப்பட்டது. ஒரு வினையடை நீக்கப்பட்டதற்காக இயக்குநருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. கொடியசைக்கும் அம்மாவின் படம் மேல்நாட்டு இதழ்களில் வந்தது. அதை அவரிடம் கேட்டு யாரும் போடவில்லை.

சில நாள் கழித்து வீடியோக்காரர் அம்மாவைப் பின்தெருவுக்கு அழைத்துச் சென்றார். கடைமுன் வரிசை நின்றது. முறை வந்ததும் அம்மா குரலைத் தாழ்த்தினார்.

“ஒரு கல்யாணப் படம் தம்பி. வீட்டுக் கல்யாணம். உங்ககிட்ட இருக்காதுதான்…”

“‘கமிட்டிக் கல்யாணம்’தானேம்மா?” என்றார் ரிலீஸ். “நல்லாப் போயிட்டிருக்கு. மாப்பிள்ளையோட அத்தை நாற்காலிக்குச் சண்ட போடற சீனுக்காகவே வாங்கறாங்க.”

“அதுல பொண்ணோட அப்பா சிரிப்பாரு. அந்த இடம் மட்டும் போடுங்க.”

ரிலீஸ் மடிக்கணினியைத் திருப்பி வைத்தார். திரையின் அடியில் ஐந்து பின்தலைகள். அவற்றுக்கு அப்பால், விளக்கொளியில், மணப்பெண் தந்தையின் பக்கம் சாய்ந்தாள். காதருகே வாயைக் கொண்டு சென்றாள். தந்தையின் உதடு ஓர் ஓரத்தில் அசையத் தொடங்கியது. அப்போது ஐந்து தலைகளுள் ஒன்று, காதில் போனோடு எழுந்து நின்றது. அமைச்சரோடு உட்கார்ந்தபடி பேசும் வழக்கம் அரசு அலுவலகங்களில் இல்லை.

சிரிப்பு கேட்டது. அம்மா திரைக்கு இடப்பக்கம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு வலப்பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

“தம்பி, தலை மறைக்குதே.”

“கொஞ்சம் பொறுங்கம்மா, உக்காந்துடுவாரு.”

தலை உட்கார்ந்தது. தந்தை சிரித்து முடித்து, கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, அடையாள அட்டைக்கு உட்கார்ந்ததுபோல் உட்கார்ந்திருந்தார்.

அம்மா திரையை விட்டு நகரவில்லை. வரிசையில் யாரோ தொண்டையைக் கனைத்தார்.

“இது கமிட்டி பிரிண்ட்ம்மா, இப்படித்தான் இருக்கும்,” என்றார் ரிலீஸ் ஆறுதலாக. “வெள்ளிக்கிழமை நல்ல பிரிண்ட் வந்துடும்.”

வீடியோக்காரர் வாயைத் திறந்தார். நல்ல பிரிண்ட் ரோலருக்கு அடியில் போய்விட்டது என்பது அங்கிருந்தவர்களுள் அவருக்கே நன்றாகத் தெரியும். ஆயினும் தம் கடையில் வந்து நின்ற ஒவ்வொருவரிடமும் அவரும் அந்த வாக்கியத்தைத்தான் சொல்லிவந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

“நிச்சயமா வந்துடுமா தம்பி?” என்று ரிலீஸிடம் கேட்டார் அம்மா.

“என்னிக்கும்மா வராம இருந்திருக்கு?”

“அப்ப எனக்கு ஒண்ணு தனியா எடுத்து வைங்க. வேற யாருக்கும் குடுத்துடாதீங்க.”

அவர் நகர்ந்ததும் வரிசை ஓரடி முன்னேறியது. அவ்வரிசையில் நின்றவர்கள் யார் யார் என்று விவரிக்கத் தேவையில்லை. இதைப் படிப்பவர்களுக்குத் தத்தம் முதுகு அடையாளம் தெரியும்.